பந்தி கலைந்த பிறகு

1623 மார்ச் மாதம். இன்றைய அமெரிக்காவின் வடகிழக்குக் கடலோரத்தில் பொக்கனொக்கெட் என்ற ஊர். ஒரு வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லாத கூட்டம். நடுவில் படுத்துக் கிடக்கிறார் வாம்பனோவாக் மக்களின் தலைவர் ஊசமெக்வின். ஒருபக்கம் மந்திரம் ஓதுகிறார்கள். இன்னொருபக்கம் ஆறெட்டுப் பெண்கள் அவருடைய கைகால்களைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருக்கிறார்கள். பார்வை போய்விட்டது. இரண்டு நாளாக எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. வந்திருப்பது யார் என்று கேட்கிறார். வின்ஸ்லோ என்று சொன்னதும் கையை நீட்டுகிறார்.

எட்வர்ட் வின்ஸ்லோ பிளிமத் என்ற ஆங்கிலேயக் குடியேற்றத்திலிருந்து நடந்தே வந்தவர். கொண்டுவந்த பழப்பாகைக் கத்தி முனையில் எடுத்து, கிட்டித்துக் கிடந்த பற்களின் இடுக்கு வழியாக ஊட்டினார். வாய் முழுக்க மாவு படிந்து, நாக்கு வீங்கியிருந்தது. வாயைக் கழுவி, நாக்கை வழித்துவிட்டார். பிறகு இடித்த சோளத்தோடு ஸ்ட்ராபெர்ரி இலையும் சாஸஃப்ராஸ் வேரும் போட்டுக் கொதிக்க வைத்து, தன் கைக்குட்டையில் வடிகட்டிக் கொடுத்தார். சிறிது நேரத்தில் பார்வை தெளிந்தது. தேறத் தொடங்கிய ஊசமெக்வின் கேட்ட ஓர் உதவி, ஊரில் நோயாய்க் கிடக்கும் மற்றவர்களின் வாயையும் இப்படியே கழுவிவிட வேண்டும் என்பது. வின்ஸ்லோ அருவருப்பை அடக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். இதையெல்லாம் அவரே எழுதி 1624இல் லண்டனில் அச்சிட்டார்.

அமெரிக்காவில் ஆண்டுதோறும் நவம்பர் நான்காம் வியாழனன்று கொண்டாடும் தேங்க்ஸ்கிவிங் கதையும் இதே வின்ஸ்லோவின் பேனாவிலிருந்து பிறந்ததுதான். அங்கே குடியேறிய நம் குடும்பங்களும் அதைக் கொண்டாடுகின்றன. பள்ளியிலிருந்து பிள்ளைகள் காகித இறகுத் தொப்பியோடு வீடு வருகிறார்கள். பசியால் வாடிய வெள்ளையருக்குச் செவ்விந்தியர் சோளம் பயிரிடக் கற்றுக்கொடுத்தார்கள், அறுவடை முடிந்ததும் வெள்ளையர் அவர்களை விருந்துக்கு அழைத்தார்கள், எல்லோரும் ஒரே பந்தியில் அமர்ந்து வான்கோழி சாப்பிட்டார்கள் என்பது அந்தப் பிள்ளைகள் கேட்கும் கதை. இந்தக் கதையை முழுப் பொய் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. விருந்து நடந்தது. ஆனால் விருந்துக்கு முன்னால் இருந்ததையும் பின்னால் வந்ததையும் வெட்டி எறிந்துவிட்டு, நடுவில் ஒரு பந்தியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். என் மனத்தாங்கல் அதில்தான்.

வின்ஸ்லோ 1621 டிசம்பரில் ஊருக்கு எழுதிய கடிதத்தில் விருந்தைப் பற்றி இருப்பவை ஒருசில வரிகள். அறுவடை ஆனதும் ஆளுநர் நான்கு பேரைப் பறவை வேட்டைக்கு அனுப்பினார். அவர்கள் ஒரே நாளில் ஒரு வாரத்துக்குக் காணுமளவு சுட்டு வந்தார்கள். துப்பாக்கிப் பயிற்சி நடந்தது. ஊசமெக்வின் தொண்ணூறு ஆட்களுடன் வந்தார். மூன்று நாள் விருந்து. வந்தவர்கள் காட்டுக்குப் போய் ஐந்து மான்களைக் கொன்று கொண்டுவந்தார்கள். அவ்வளவுதான். அழைத்தோம் என்று அதில் இல்லை. நன்றி விழா என்றும் இல்லை. மதப்பற்று மிக்க அந்தக் குடியேறிகளுக்கு நன்றி நாள் என்றால் தொழுகைக்குரிய நாள். வேட்டைக்கும் விளையாட்டுக்கும் அதில் இடமில்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்டு, என்ன ஆபத்தோ என்று பார்க்க வந்த படையே அந்தத் தொண்ணூறு பேர் என்று இன்றைய வாம்பனோவாக் மக்களில் பலர் சொல்கிறார்கள். ஆங்கிலேயர் அப்போது மொத்தமே ஐம்பது பேர் சொச்சம், அதிலும் பாதிக்குமேல் பிள்ளைகளும் இளையவர்களும் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த மூன்று நாளும் இரு தரப்பும் ஒரு கண்ணைச் சாப்பாட்டிலும் ஒரு கண்ணை எதிராளியிலும் வைத்திருந்திருக்கும்.

குடியேறியவர்களின் பக்கத்தையும் அதன் துயரத்தோடு பார்க்க வேண்டும். 1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்தவர்கள் 102 பேர். முதல் குளிரும் நோயும் பாதிப் பேரைக் கொண்டுபோயின. வின்ஸ்லோவின் மனைவி மார்ச்சில் இறந்தார். சூசன்னா வைட் என்ற பெண்ணின் கணவர் அதற்கு முந்தைய மாதம் இறந்திருந்தார். மே மாதத்தில் வின்ஸ்லோவும் சூசன்னாவும் மணந்துகொண்டார்கள். அறுவடை விருந்தின்போது உயிரோடிருந்த மணமான பெண்கள் நான்கே பேர். அவர்களில் ஒருவர் சூசன்னா. ஏறக்குறைய நூற்றைம்பது வாய்களுக்கு மூன்று நாள் அடுப்பை ஊதிய கைகள் பெரும்பாலும் அந்த நால்வருடையவையும் சில சிறுமிகளுடையவையும்தான்.

ஊசமெக்வின் ஏன் வந்தார்? அவர் ஏமாளி அல்ல. 1616க்கும் 1619க்கும் இடையில் ஐரோப்பியக் கப்பல்கள் விட்டுச்சென்ற ஒரு கொள்ளைநோய் அந்தக் கடலோரத்தை ஊர் ஊராக வழித்துவிட்டிருந்தது. பிளிமத் எழுந்த இடமே பட்டுக்ஸெட் என்ற வாம்பனோவாக் ஊர்தான். உழுது பண்படுத்திய நிலம் இருந்தது. உழ ஆள் இல்லை. புதைக்க ஆளில்லாத எலும்புகள் அந்தப் பகுதியில் வெயிலில் கிடந்தன. மேற்கே இருந்த நாராகன்செட் மக்களை நோய் அவ்வளவாகத் தொடவில்லை. அவர்கள் ஊசமெக்வினைத் தங்களுக்குக் கீழே கொண்டுவரப் பார்த்தார்கள். துப்பாக்கி வைத்திருக்கும் ஐம்பது அந்நியர்கள் அந்த நேரத்தில் அவருக்கு ஒரு பலம். 1621 மார்ச்சில் ஒருவருக்கொருவர் போரில் துணை நிற்பது என்று ஒப்பந்தம் செய்தார். அறுவடைக்கு வந்ததும் அந்த உறவின் பேரில்தான்.

சோளம் நடக் கற்றுக்கொடுத்த டிஸ்குவாண்டம் கதையும் அப்படித்தான். ‘நல்ல செவ்விந்தியர்’ என்று பாடப்புத்தகத்தில் வருகிற அவருக்கு ஆங்கிலம் எங்கிருந்து வந்தது? 1614இல் தாமஸ் ஹன்ட் என்ற கப்பல் தலைவன் அவரையும் இன்னும் பலரையும் கடத்தி ஸ்பெயினின் மலாகா துறைமுகத்துக்குக் கொண்டுபோனான், அடிமைகளாக விற்க. அங்கிருந்து எப்படியோ லண்டன் சேர்ந்து, 1619இல் ஊர் திரும்பினார். அவர் ஊர் பட்டுக்ஸெட். வரவேற்க ஒருவரும் இல்லை. தன் ஊரார் செத்துக் கிடந்த மண்ணில்தான் வந்தேறிகளுக்கு மீனை உரமாகப் போட்டுச் சோளம் நடச் சொல்லிக்கொடுத்தார்.

விருந்தை இரு தரப்பும் பெரிதாக எண்ணவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அதை யாரும் தேடவும் இல்லை. 1841இல் அலெக்சாண்டர் யங் என்பவர் வின்ஸ்லோ கடிதத்தைப் பதிப்பிக்கும்போது, இதுவே முதல் தேங்க்ஸ்கிவிங் என்று ஓர் அடிக்குறிப்பு எழுதினார். சாரா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியை தேசிய விடுமுறை வேண்டும் என்று பல ஆண்டுகள் விடாமல் எழுதினார். உள்நாட்டுப் போரின் நடுவில், 1863இல், லிங்கன் அதை அறிவித்தார். அந்த அறிவிப்பில் பிளிமத்தும் இல்லை, வாம்பனோவாக்கும் இல்லை. அடிக்குறிப்பும் விடுமுறையும் பின்னால்தான் சேர்ந்து பள்ளிக்கூடக் கதையாயின.

இனி அந்த இரண்டு வீடுகளின் பிள்ளைகளைப் பார்ப்போம். ஊசமெக்வின் உயிரோடிருந்தவரை, சுமார் நாற்பது ஆண்டுகள், ஒப்பந்தம் நின்றது. அவர் 1661 வாக்கில் காலமானார். வின்ஸ்லோ அதற்கு முன்பே, 1655இல், கரீபியக் கடலில் கப்பலிலேயே இறந்துவிட்டார். 1662இல் ஊசமெக்வினின் மூத்த மகன் வாம்சுட்டாவைப் பிளிமத் அதிகாரிகள் விசாரணைக்கு அழைத்தார்கள். ஆயுதம் தாங்கிய ஆட்களோடு போய் அவரைப் பிடித்து வந்தவர் ஜோசையா வின்ஸ்லோ. எட்வர்டுக்கும் சூசன்னாவுக்கும் பிறந்த மகன். காவலில் வாம்சுட்டாவுக்கு உடல்நலம் கெட்டது. சில நாட்களில் இறந்தார். விஷம் வைத்துவிட்டார்கள் என்று அவருடைய மக்கள் நம்பினார்கள். தகப்பன் வாய் கழுவிக் காப்பாற்றிய வீட்டில் மகன் கையால் பிணம் விழுந்தது என்றே அவர்களுக்குப் பட்டிருக்கும். விஷம் உண்டா இல்லையா என்பதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, அதை நம்பும் அளவுக்கு உறவு கெட்டுப்போயிருந்தது என்பதுதான். நிலம் பத்திரம் பத்திரமாகக் கைமாறிக்கொண்டிருந்தது. ஆங்கிலேயரின் பன்றிகள் வேலியில்லாத சோளக்காடுகளைக் கிளறிப்போட்டன.

1675இல் இளைய மகன் மெட்டகோம் ஆயுதம் எடுத்தார். பிளிமத் ஆளுநர் நாற்காலியில் அப்போது இருந்தவர் அதே ஜோசையா வின்ஸ்லோ. பதினான்கு மாதங்களில் இரு தரப்பிலும் ஊர்கள் எரிந்தன. 1676 ஆகஸ்டில் மெட்டகோம் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தலை பிளிமத்துக்கு வந்து சேர்ந்த நாள், வெற்றிக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்ல அந்த ஊர் அறிவித்திருந்த நாள். அது உண்மையிலேயே தேங்க்ஸ்கிவிங் என்று பெயரிட்டு அனுசரிக்கப்பட்ட நாள். தலையைக் கம்பத்தில் செருகினார்கள். பல்லாண்டுகள் அங்கேயே இருந்தது. பிடிபட்டவர்கள் நூற்றுக்கணக்கில் அடிமைகளாகக் கடல் கடந்து விற்கப்பட்டார்கள். மெட்டகோமின் ஒன்பது வயது மகனைக் கொல்வதா வேண்டாமா என்று போதகர்கள் வேத வசனம் காட்டிக் கடிதப் போக்குவரத்து நடத்தினார்கள். கடைசியில் அவனையும் விற்றார்கள். தாத்தா ஊசமெக்வின் என்பது தெரிகிறது. பையனின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

நம் மண்ணைத் தொடும் ஒரு சேதியும் இதில் உண்டு. கம்பத்திலிருந்த மண்டையோட்டின் தாடையைத் தன் கையால் கழற்றியதாகப் பெருமையோடு எழுதியவர் பாஸ்டன் போதகர் காட்டன் மேதர். தரங்கம்பாடியில் தமிழ் கற்று, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்குவுக்குக் கடிதம் எழுதியவரும் இவரேதான். அந்தக் கடிதத் தொடர்பை 1721இல் பாஸ்டனில் புத்தகமாகவும் போட்டார். கிழக்கிந்தியரின் ஆன்மாவுக்காக உருகிய அதே கை என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

1970இல் மேஃபிளவர் வந்த 350ஆம் ஆண்டு விழா. அக்வின்னா வாம்பனோவாக்கான பிராங்க் ஜேம்ஸைப் பேச அழைத்தார்கள். உரையை முன்கூட்டியே வாங்கிப் படித்த அமைப்பாளர்கள் அதை ஏற்கவில்லை. கரையிறங்கிய முதல் நாட்களிலேயே ஆங்கிலேயர் கல்லறைகளைத் தோண்டியதையும், புதைத்து வைத்திருந்த சோளத்தை எடுத்துக்கொண்டதையும் அதில் சொல்லியிருந்தார். ஊசமெக்வின் அவர்களை வரவேற்றதே தம் மக்கள் செய்த பெரும் பிழையாக இருக்கலாம் என்றும் எழுதியிருந்தார். வேறு உரை எழுதித் தருகிறோம் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். அந்த ஆண்டு தேங்க்ஸ்கிவிங் அன்று பிளிமத் துறைமுகத்துக்கு மேலே உள்ள கோல்ஸ் குன்றில், ஊசமெக்வின் சிலைக்கருகே, தம் மக்களோடு துக்க நாள் அனுசரித்தார்.

முதல் குளிரில் செத்த ஆங்கிலேயர்களைப் புதைத்ததும் அந்தக் குன்றில்தான். எத்தனை பேர் குறைந்துவிட்டார்கள் என்பது வெளியே தெரியக்கூடாது என்று இரவோடு இரவாகப் புதைத்து மண்ணைச் சமப்படுத்தினார்கள் என்பது ஊர் வழக்கு. இன்றும் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் நான்காம் வியாழன் நண்பகலில், விரதமிருந்து வந்தவர்கள் அந்தக் கல்லறைகளுக்கு மேலே நிற்கிறார்கள். கூட்டத்தை முதலில் கூட்டிய பிராங்க் ஜேம்ஸுக்கு வாம்பனோவாக் பெயர் ஒன்று உண்டு. வாம்சுட்டா.