சிவந்த கண்ணும் சிறு குப்பியும்

கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் கல்முனைக் கரையோரத்திற் கண் சிவவாதார் சிலரே. கடல் மணலும் தெருப் புழுதியும் சேர்ந்து கண்ணை உறுத்துகின்றன. மருதமுனையிலே தறியின் முன்னிருந்து மெல்லிய நூலை நாள் முழுதும் நோக்கும் நெசவாளர்க்கும், சம்மாந்துறை, நிந்தவூர் வயல்களிலே வெள்ளாண்மை வெட்டும் உழவர்க்கும், பரீட்சைக்காக நள்ளிரவு வரை விழித்திருக்கும் மாணவர்க்கும் கண் சிவப்பது புதிதன்று. உடனே மருந்துக் கடைக்குச் சென்று, "தம்பி, கண் சிவந்திருக்கு; விடுறதுக்கு ஒரு மருந்து தாங்க" என்று கேட்பதும் நம்மவர் வழக்கமே. அவ்வாறு வீடு வந்து சேரும் சிறு குப்பி செய்வது யாது, செய்யாதது யாது என்பதை ஒவ்வொரு குடும்பத்தாரும் அறிந்திருத்தல் நலம்.

கண்ணின் வெண்பகுதியை மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியுள்ளது. அதனுள் மயிரிழையினும் நுண்ணிய குருதிக் குழாய்கள் ஓடுகின்றன. தூசு, களைப்பு, ஒவ்வாமை, கிருமி, காயம் ஆகிய எது நேரினும் அக்குழாய்கள் விரிகின்றன. அதனாற் கண் சிவக்கிறது. ஆகவே சிவப்பு என்பது உள்ளே ஏதோ நிகழ்கிறதென அறிவிக்க வந்த தூதன் எனலாம். சிவப்பை நீக்கவென விற்கப்படும் நபாசோலின், டெட்ராஹைட்ரோசொலின் முதலிய மருந்துகள் அக்குழாய்களைச் சுருங்கச் செய்கின்றன. சில நிமிடங்களிற் கண் வெளுத்துவிடுகிறது. ஆனால் தூசு அகன்றதா? கிருமி மடிந்ததா? இல்லை. தூதனின் வாயை அடைத்தோமேயன்றி, அவன் கொணர்ந்த செய்தியை மாற்றினோமல்லோம்.

தூசினாலோ களைப்பினாலோ வந்த சிவப்புக்கு ஓரிரு நாள் இம்மருந்தை விடுவதாற் பெரும்பாலார்க்குத் தீங்கில்லை. நாள்தோறும் விடுவோர்க்கோ வேறொரு தொல்லை உண்டாகிறது. மருந்தின் வலி தீர்ந்ததும் சுருங்கிய குழாய்கள் முன்னினும் அதிகமாக விரிகின்றன. கண் மேலும் சிவக்கிறது. மீண்டும் மருந்து வேண்டியதாகிறது. ஆதலால் மூன்று நாளுக்கு மேல் இதனைத் தொடரலாகாது. குளுக்கோமா என்னும் கண்ணழுத்த நோய், இருதய நோய், உயர் இரத்த அழுத்தம் உடையோரும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேளாமல் இதனை விடாதிருப்பதே தக்கது.

இதனினும் அஞ்சத்தக்க குப்பி மற்றொன்றுண்டு. டெக்சாமெதசோன், பெட்டாமெதசோன், பிரெட்னிசொலோன் ஆகிய ஸ்டீரொயிட் மருந்துகள் கலந்த துளிகளே அவை. சத்திரசிகிச்சைக்குப்பின் வாப்பாவுக்கு வைத்தியர் கொடுத்தது அலுமாரியில் எஞ்சியிருக்கும். மகனின் கண் சிவந்ததும் அதையே எடுத்து விடுவர். சிவப்பு விரைவில் மறைவதால் நல்ல மருந்தென்றே எண்ணுவர். வயலில் வைக்கோலோ நெற்றாளோ கண்ணிற் கீறியவர்க்குக் கருவிழியிற் பூஞ்சணம் பற்றுவதுண்டு. அப்புண்ணின்மேல் ஸ்டீரொயிட் விழுந்தால் பூஞ்சணம் செழித்துக் கருவிழியையே அரித்துவிடும். நீண்ட நாள் விட்டாலோ கண்ணழுத்தம் உயர்வதும் கண்புரை விளைவதும் உண்டு. இவ்வகைத் துளிகள் வைத்தியரின் சீட்டுக்கு மட்டுமே உரியவை. ஒருவர்க்குக் கொடுத்தது மற்றொருவர்க்கு ஆகாது.

கண் நோய் பரவும் காலத்தில், நோயாளியைப் பார்த்தாலே அது தொற்றும் என்பர் சிலர். பார்வையால் அது தொற்றுவதில்லை. கண்ணைத் தொட்ட கையாலும், துவாயாலும், தலையணையாலுமே தொற்றுகிறது. வைரசினால் வரும் கண் நோய் பெரும்பாலும் ஓரிரு வாரங்களிற் தானே தணியும். குளிர்ந்த நீரில் நனைத்த தூய துணியை மூடிய கண்மேல் வைத்தல் இதம் தரும். தாய்ப்பால் விடுவதும், சிவந்த கண்ணிற்குச் சுர்மா இடுவதும் வேண்டா. சுர்மா வகைகள் சிலவற்றில் ஈயம் கலந்திருப்பது ஆய்வுகளிற் கண்டறியப்பட்டுள்ளது.

குப்பியின் தூய்மையும் சிறிய காரியமன்று. 2023ஆம் ஆண்டிலே, சென்னையை அடுத்த ஒரு தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்டு அமெரிக்காவில் விற்பனையான கண் ஈரத் துளி மருந்தொன்றிற் கொடிய பக்டீரியா காணப்பட்டது. அக்கிருமி தொற்றியோராக 18 மாநிலங்களில் 81 பேர் இனங்காணப்பட்டனர். அவர்களில் 14 பேர் பார்வை இழந்தனர். 4 பேரின் கண் அகற்றப்பட்டது. 4 பேர் இறந்தனர். கிருமி புகுந்த குப்பி எத்துணைக் கொடியது என்பதற்கு இதுவே சான்று. தொழிற்சாலையின் தூய்மை நம் கையில் இல்லை. வீட்டில் திறந்த குப்பியின் தூய்மை நம் கையிலேயே உள்ளது. நாளடைவிற் கிருமி புகும் ஆதலால், திறந்த நாளைக் குப்பியின்மேற் குறித்து, பொதுவாக 28 நாட்களில் எறிந்துவிடுக. நிறம் மாறியதையும், முத்திரை கிழிந்ததையும், காலாவதியானதையும் தொடாதிருக்க.

மருந்து விடும் முறையும் உண்டு. முதலிற் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. தலையைச் சற்றே பின்சாய்த்து, கீழிமையை மெல்ல இழுத்து, அந்தப் பையில் ஒரேயொரு துளி விடுக. குப்பியின் முனை கண்ணிலோ இமையிலோ படலாகாது. பின்னர்க் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் ஓரிரு நிமிடம் அழுத்தினால் மருந்து தொண்டைக்கு இறங்காது. இரு மருந்து விடுவோர் ஐந்து நிமிட இடைவெளி விடுக. கண்வில்லை அணிவோர் அதனைக் கழற்றிய பின்னரே விடல் வேண்டும்.

சிறுவர் கைக்கு எட்டாத உயரத்தில் குப்பியை வைத்தல் மிக முக்கியம். சிவப்பு நீக்கும் துளியை 1 அல்லது 2 மில்லிலீற்றர் விழுங்கினாலே குழந்தைக்கு மயக்கமும் மூச்சுத் தளர்ச்சியும் நேரலாம் என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012இல் எச்சரித்தது. குழந்தை குடித்துவிட்டால் குப்பியையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடுக.

இறுதியாக, சிவப்போடு வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பொறாமை, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், தலைவலியுடன் வாந்தி, சீழ், கண்ணிற் காயம், கண்வில்லை அணிந்தவரின் சிவப்பு ஆகியவற்றில் ஒன்று இருப்பினும் கடைக்குப் போகலாகாது. சுண்ணாம்போ வேறு இரசாயனமோ பட்டால், முதலிற் கால் மணி நேரமேனும் தூய நீராற் கண்ணைக் கழுவி, அதன் பின்னரே புறப்படுக. கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையோ, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையோ நமக்கு எட்டாத தொலைவில் இல்லை. ஒரு நாள் கூலி போகுமே என்று தயங்குவோர், கண் போனால் எத்தனை நாட் கூலி போகுமென்பதை எண்ணிப் பார்ப்பாராக.