பல்லின் வேரும் கிணற்றுச் சேறும்

பற்கொதியை அனுபவித்தவர்களுக்கு அதைப் பற்றி எடுத்துரைக்க வேண்டியதில்லை. பகலெல்லாம் பதுங்கியிருந்து, ஊரடங்கிய பின் தலைநீட்டும் நோய் அது. கராம்பை நசுக்கி வைப்போம். உப்பு நீராற் கொப்பளிப்போம். வலி சற்றுத் தணிந்ததும் நோயே தீர்ந்ததென்று எண்ணிவிடுவோம். அந்த எண்ணத்தால் ஒரு பல்லை இழந்தவன் நான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் கீழ்க் கடைவாய்ப் பல்லொன்றிற் கொதி கண்டது. வைத்தியர் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பார்த்து, “பல்லைப் பிடுங்க வேண்டாம் ஐயா; வேர்க்கால்வாய்ச் சிகிச்சை செய்து காப்பாற்றலாம். மூன்று முறை வரவேண்டும்” என்றார். முதல் நாளே வலி மறைந்தது. கல்லூரியிற் பரீட்சைக் காலம். திருத்த வேண்டிய வினாத்தாள்கள் மேசையில் மலைபோற் குவிந்திருந்தன. ‘வலிதான் நின்றுவிட்டதே’ என்று பின்னர் நான் போகவில்லை. ஏழு மாதங்களின் பின் கன்னம் வீங்கிற்று. தற்காலிக அடைப்புக் கழன்று, பல் வேர்வரை பிளந்திருந்தது. பிடுங்குவதைத் தவிர வழியில்லை. பிழை வைத்தியருடையதன்று, என்னுடையதே. அதன் பின்னரே இச்சிகிச்சையின் நுட்பங்களைத் தேடிப் படித்தேன்.

பல் ஒரு வெறுங் கல்லன்று. வெளியே மிளிரி என்னும் கடினமான உறை, அதனுள்ளே டென்டைன், அதற்கும் உள்ளே, நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த மென்மையான பற்கூழ். இக்கூழ் வேரின் நுனிவரை ஒடுங்கிய கால்வாய்களாக இறங்குகிறது. சூத்தை ஆழ்ந்து கூழை எட்டினால் கிருமிகள் உட்புகுந்து அதனை அழுகச் செய்கின்றன. கூழ் இறந்தபின் அங்கே இரத்த ஓட்டமும் இல்லை. ஆகவேதான் விழுங்கும் மாத்திரைகள் அவ்விடத்தை அடைந்து நோயை வேரறுக்க மாட்டா. கராம்பு எண்ணெய் வலியை மரக்கச் செய்யலாம். உள்ளிருக்கும் அழுகலை அது அகற்றாது.

கிருமியே இந்நோயின் முதற் காரணம் என்பதை 1965ஆம் ஆண்டு அமெரிக்காவிற் செய்யப்பட்ட ஒரு சோதனை தெளிவாக்கிற்று. ககேஹாஷியும் அவர்தம் தோழர்களும் எலிகளின் கடைவாய்ப் பற்களிற் கூழ் வெளித்தெரியுமாறு துளையிட்டனர். சாதாரண எலிகளிற் கூழ் அழுகிற்று. கிருமியே அணுகாதவாறு வளர்க்கப்பட்ட எலிகளிலோ, துளையில் உணவு அடைந்தபோதும் கூழ் உயிரோடிருந்து, காயத்தின்மேற் புதிய டென்டைனையும் வளர்த்துக்கொண்டது.

அப்படியானால் கிருமியை அகற்றினாற் போதுமே என்பீர்கள். அதுதான் கடினம். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த வால்ற்றர் ஹெஸ் 1917ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், வேர்க்கால்வாய் நேரான குழாயன்று, கிளைகளும் இணைப்புகளும் பின்னிக் கிடக்கும் வலை என்று காட்டினார். நம் கிணறுகளை நினைத்துப் பாருங்கள். கோடையில் இறைத்துச் சேறு வாரும்போது நடுவிலுள்ள சேறு எளிதில் வந்துவிடும்; பாறை வெடிப்புகளிலும் பக்கப் பொந்துகளிலும் ஒதுங்கியதே வராது. அவ்விடங்களுக்கு நீரைப் பாய்ச்சிக் கழுவ வேண்டும். பல்லின் வேரிலும் அதுவே முறை.

முதலில் வைத்தியர் பல்லைச் சுற்றி மெல்லிய இறப்பர்த் தாளொன்றை மாட்டுவார். 1864ஆம் ஆண்டு அமெரிக்கரான பார்னம் கண்ட உபாயம் இது. எச்சிலும் அதிலுள்ள கிருமிகளும் உள்ளே செல்லாது; கருவியோ மருந்தோ தொண்டைக்குள் விழாது. அடுத்து, மயிரிழை போன்ற நுண்ணிய அரங்களாற் கால்வாயைச் சுரண்டி அகலமாக்குவார். ஆனால் அரம் எல்லாச் சுவரையும் தொடுவதில்லை. 2001ஆம் ஆண்டு வெளியான ஓராய்வு, கால்வாய்ச் சுவரின் பரப்பில் நூற்றுக்கு 35 பங்கு அல்லது அதற்கும் மேல் கருவி படாமலே எஞ்சியதைக் காட்டிற்று.

எஞ்சியதைத் தீர்ப்பது கழுவும் மருந்து. அவற்றுள் முதன்மையானது சோடியம் ஐப்போகுளோரைற்று. 1915ஆம் ஆண்டு, முதலாம் உலகப் போரிற் காயமுற்ற வீரரின் புண்களைக் கழுவ இங்கிலாந்து இரசாயனவியலாளர் டேக்கின் இதன் 0.5 வீதக் கரைசலைப் பயன்படுத்தினார். இன்று பல் வைத்தியர் 0.5 முதல் ஏறத்தாழ 6 வீதம் வரை கையாளுகின்றனர். இது கிருமியைக் கொல்வதோடு இறந்த இழையத்தையும் கரைக்கும். சுரண்டும்போது சுவரிற் படியும் தூட்படலத்தை அகற்ற, 1957ஆம் ஆண்டு நோர்வே நாட்டு நைகார்ட்-ஓஸ்ற்பி அறிமுகஞ் செய்த ஈ.டீ.ரீ.ஏ. என்னும் மருந்து உதவுகிறது. பக்கத்தில் துளையுள்ள மெல்லிய ஊசியால், அழுத்தாமல், மெதுவாகவே மருந்தைச் செலுத்த வேண்டும். வேர் நுனியைத் தாண்டினால் கடும் வலியும் வீக்கமும் உண்டாகும். கேளா ஒலி அதிர்வால் மருந்தைக் கலக்கி மூலை முடுக்குகளுக்கும் அனுப்புவதும் உண்டு. வெண்மையாக்கும் திரவம் வீட்டில் இருக்கிறதே என்று எவரும் தாமே வாயில் இட்டுப் பார்த்தல் கூடாது.

ஒரே நாளில் முடியாவிடின், இடைக்காலத்திற் கல்சியம் ஐதரொட்சைட்டை உள்ளே வைத்து மூடுவர். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் அடிப்படையில் இப்பொருளே. அதன் கடுங் காரத்தன்மையிற் பல கிருமிகள் பிழைப்பதில்லை. ஆயினும் வைத்தியர் கைமருந்து வேறு, வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பு வேறு. இறுதியாகக் கால்வாயை உலர்த்தி, கட்டாபேர்ச்சா என்னும் மரப்பாற் பொருளால் அடைத்து, மேலே உறுதியான நிரப்பலோ உறையோ இடுவர். அந்த மூடி ஒழுகினால் செய்ததெல்லாம் வீண். இறைத்த கிணற்றில் மறுபடியும் அழுக்கு நீர் புகுந்த கதையே.

வலி என்பது வாயிலிற் கூவும் காவற்காரன். அவன் குரல் ஓய்ந்ததால் கள்வன் போய்விட்டான் என்று கொள்ளலாகாது. கூழ் முற்றாக இறந்தபோதும் வலி தானே நின்றுவிடும். நோயோ வேர் நுனியைக் கடந்து எலும்பை அரிக்கும்.

சென்ற ஆண்டு என் மகளுக்கு இதே சிகிச்சை நடந்தது. முதல் நாளோடு வலி நின்றது. “இனி ஏன் அப்பா?” என்று கேட்டாள். பல்லில்லாத இடத்தைத் திறந்து காட்டினேன். மறுபேச்சின்றிச் சைக்கிளில் ஏறினாள். அவள் பல் இன்றும் வாயில் இருக்கிறது.