பல்லின் நிறம் வெள்ளை இல்லை! - டென்டல் லேபில் ஒரு புதியவர் கற்கும் முதல் பாடம்

பல்லுக்கு கேப் போட்டுக்கொண்ட பலருக்கும் ஒரு விஷயம் தெரியாது. அந்தப் பல்லைச் செய்தவர் டாக்டர் இல்லை. டாக்டர் பல்லைச் சுற்றிச் செதுக்கி, அளவு எடுத்து அனுப்புவார். அதை வைத்து கேப் செய்வது டென்டல் லேபில் இருக்கும் டெக்னீஷியன். யாருக்காகச் செய்கிறோமோ அவருடைய முகத்தை இவர் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. ஒரு பல் மாதிரியும், 'மேல் முன்பல், ஷேடு ஏ2' என்று எழுதிய சீட்டும்தான் கைக்கு வரும்.

1948-ம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டத்தில் இந்த வேலைக்கு 'டென்டல் மெக்கானிக்' என்று பெயர். பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டாண்டு டிப்ளமோ படித்து வருபவர்கள் உண்டு. லேபில் எடுபிடியாகச் சேர்ந்து கைப்பழக்கத்தில் கற்றவர்களும் உண்டு. எப்படி வந்தாலும் மாதிரி ஊற்றுவது, மெழுகு, உலோகம் எல்லாம் கடந்துதான் செராமிக் மேஜையில் உட்கார முடியும்.

அங்கே முதல் அதிர்ச்சி, பவுடரின் நிறம். குழப்பம் வரக் கூடாது என்று செராமிக் பவுடர்களுக்குச் சாயம் சேர்த்திருப்பார்கள். ஒன்று பிங்க்காக இருக்கும், இன்னொன்று நீலமாக இருக்கும். அந்தச் சாயம் சூளையில் எரிந்துபோன பிறகுதான் உண்மையான நிறம் தெரியும். பிரஷ்ஷில் எடுத்து வைக்கும்போது கண்ணுக்குத் தெரியும் நிறத்தை நம்ப முடியாது.

இரண்டாவது அதிர்ச்சி, அளவு. சூளையில் வேகும்போது செராமிக் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். அதனால் பல்லை வேண்டுமென்றே பெரிதாகக் கட்ட வேண்டும். சரியான அளவில் அழகாகக் கட்டிவிட்டு உள்ளே வைக்கும் புதியவருக்கு, வெளியே வருவது குட்டிப் பல்!

உலோகத்தின் மேல் செராமிக் ஏற்றும் கேப்பை எடுத்துக்கொள்வோம். அடியில் மெல்லிய உலோகத் தொப்பி. சுத்தம் செய்த பிறகு அதில் விரல்கூடப் படக் கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு செராமிக்கை ஒட்ட விடாது. உலோகத்தின் கறுப்பை மறைக்க 'ஒபேக்' பூச்சு. அதன்மேல் பல்லின் உடலுக்கு ஒரு பவுடர், விளிம்புக்குக் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் இன்னொரு பவுடர். ஈர மணல் பதத்தில் குழைத்து, பிரஷ்ஷால் வைத்து, லேசாகத் தட்டினால் தண்ணீர் மேலே வரும். அதை டிஷ்யூ பேப்பரில் ஒற்றி எடுக்க வேண்டும். மறுபடி தட்டி, மறுபடி ஒற்ற வேண்டும்.

பிறகு சூளை வாசலில் சில நிமிடங்கள் காய வைக்க வேண்டும். அவசரப்பட்டு உள்ளே தள்ளினால் மிச்சமிருக்கும் ஈரம் நீராவியாகி, கட்டியது வெடித்துவிடும். 900 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு அது. அரை நாள் உழைப்பு ஒரு நொடியில் போகும். எல்லா டெக்னீஷியனும் ஒருமுறையாவது இதைப் பார்த்திருப்பார்.

இதெல்லாம் சில மாதங்களில் கைக்கு வந்துவிடும். கண்ணுக்கு வருவதுதான் தாமதம். லேப்களில் அதிகம் புழங்கும் 'விட்டா' ஷேடு கைடில் 16 நிறங்கள் உண்டு. ஏ வரிசையில் செம்பழுப்பு, பி-யில் மஞ்சள், சி-யில் சாம்பல், டி-யில் செஞ்சாம்பல் சாயல். ஒரே பல்லிலும் ஈறு பக்கம் அடர்த்தி, நடுவில் ஒன்று, நுனியில் நீலச் சாயல். ஐம்பது வயதுக்காரர் பல்லில் தேய்மானமும் மெல்லிய கீறல்களும் இருக்கும். புதியவர் செய்யும் முதல் பல் பளீரென்று, ஒரு குறையும் இல்லாமல் இருக்கும். அதனாலேயே வாயில் தனியாகத் தெரியும்.

போர்சலைன் கேப்புக்கு முன்னோடி, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் பல் மருத்துவர் சார்லஸ் லேண்ட். 1927-ல் அட்லான்டிக் கடலைத் தனியாக விமானத்தில் கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க்கின் தாத்தா இவர்தான். பேரன் பெயரைத் தெரிந்தவர்கள் அதிகம். தாத்தாவின் வேலையைப் பல்லில் சுமப்பவர்கள் அதைவிட அதிகம்.

இப்போது கம்ப்யூட்டரில் வரைந்தால் மெஷினே சிர்கோனியா கேப்பைக் கடைந்து தருகிறது. எவ்வளவு சுருங்கும் என்பதையும் அதுவே கணக்கிட்டுப் பெரிதாகக் கடையும். 'அப்புறம் எதற்குக் கை வேலை?' என்ற கேள்வி புதியவர்களுக்கு வருவது நியாயம்தான். கடைவாய்ப் பல் என்றால் பெரும்பாலும் மெஷினே போதும். ஒரே ஒரு முன்பல், பக்கத்தில் சொந்தப் பல் இருக்கும்போது அதற்கு ஜோடி சேர்ப்பதற்கு இன்னும் பிரஷ் தெரிந்த கை தேவைப்படுகிறது. இந்த வேலைக்கு மதிப்பும் அங்கேதான்.

பிரஷ் பிடிக்கும் முன்பே கற்க வேண்டியது ஒன்று உண்டு, மாஸ்க். தேய்க்கும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா கலந்திருக்கும். வருடக்கணக்கில் நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் வரலாம், அதைக் குணமாக்க மருந்து இல்லை. சில நிக்கல் உலோகக் கலவைகளில் இருக்கும் பெரிலியமும் நுரையீரலுக்கு ஆபத்து. தூசியை உறிஞ்சும் மெஷின் மேஜையில் இல்லாத லேபில் சேர்வதற்கு முன், சம்பளத்தைப் பற்றிக் கேட்பதுபோல இதையும் கேட்டுவிட வேண்டும்.

கேப் போடப் போகிறவர்களும் டெக்னீஷியனுக்கு உதவலாம். வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் உலர்ந்து, இருப்பதைவிட வெளுப்பாகத் தெரியும். அதனால் சிகிச்சை ஆரம்பிக்கும் முன்பே, லிப்ஸ்டிக் இல்லாமல், பகல் வெளிச்சத்தில் ஷேடு பார்க்கச் சொல்லுங்கள். ஷேடு துண்டைப் பல்லோடு சேர்த்து போட்டோ எடுத்து லேபுக்கு அனுப்பச் சொல்லலாம். முன்பல் என்றால், டாக்டரிடம் கேட்டுவிட்டு நேரிலேயே லேபுக்குப் போய் வரலாம். சிரிக்கும் முகத்தைப் பார்த்துச் செய்யும் வாய்ப்பு அவர்களுக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கிறது.