நான்கு சக்கர விசையும் தார்ச்சாலையும்

வில்லிஸ் ஜீப்பிலும், ஜபல்பூரில் உற்பத்தியான ஜோங்காவிலும் முன்சக்கரங்களுக்கு எஞ்சினின் விசையைச் செலுத்தத் தனி நெம்புகோல் உண்டு. அதைப் போட்டவுடன் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலுமாறு பூட்டப்படுகின்றன. ஆனால் வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தொலைவு ஓட வேண்டும். சேற்றிலும் மணலிலும் சக்கரம் சற்றே வழுக்கி இவ்வேறுபாட்டை ஈடுசெய்துவிடும். காய்ந்த தார்ச்சாலையிலோ அவ்வாறு வழுக்குதல் அரிது. ஆகவே தண்டுகளில் முறுக்கம் ஏறுகிறது, டயர் தேய்கிறது, ஸ்டீயரிங் கனக்கிறது, நெம்புகோலும் விடுபடாமல் இறுகிவிடுகிறது. பற்சக்கரம் உடைதலும் உண்டு. இறுகிய நெம்புகோலை வலிந்து இழுத்தல் தகாது. வண்டியைச் சிறிது தூரம் நேராகப் பின்னோக்கிச் செலுத்தினால் பெரும்பாலும் முறுக்கம் தளரும்.

1970-இல் வெளிவந்த ரேஞ்ச் ரோவரில் நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் விசை செல்லும். அச்சுகளுக்கு இடையே அமைந்த மூன்றாவது டிபரன்ஷியல், அவை வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளிக்கிறது. அதனால் தார்ச்சாலையில் தீங்கில்லை. எனினும் சேற்றில் ஒரு சக்கரம் பிடிப்பிழந்தால் அதுவே வீணாகச் சுழலும், மற்றவை இழுக்கமாட்டா. அந்நிலைக்கென நடு டிபரன்ஷியலைப் பூட்டும் வசதி வைத்தனர். பூட்டியபின் அவ்வண்டியும் பழைய ஜீப்பைப் போன்றதே. தார்ச்சாலையில் ஏறுமுன் பூட்டை நீக்கிவிட வேண்டும்.