கேட்கும் செவி

இரவு நேரம். வானொலிக் கருவியின் முன் ஒருவர் அமர்ந்திருக்கிறார். இரைச்சலின் நடுவே மெல்லிய குரலொன்று எழுந்து மறைகிறது. அவர் திருகியை மெல்லத் திருப்பி, அக்குரலைப் பிரித்தறிந்து விடையளிக்கிறார். கடல் கடந்த ஒருவருடன் நட்பு மலர்கிறது. ஹாம் வானொலி எனப்படும் அமெச்சூர் வானொலி இத்தகைய பொறுமையில் வளர்ந்தது. அரசின் தேர்வில் வென்று உரிமம் பெற்றோர், ஊதியம் கருதாமல், தமக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் தொடர்புகொள்ளும் கலை இது.

கணினியின் வருகை

2017 ஆம் ஆண்டு எஃப்.டி.8 என்னும் எண்ணிமத் தொடர்பு முறை அறிமுகமானது. இதனை உருவாக்கிய இருவருள் ஒருவரான ஜோ டெய்லர், 1993 இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வானியலாளர். இம்முறையில் ஒருவர் 15 நொடி இடைவெளியில் செய்தி அனுப்ப, மற்றவர் அடுத்த 15 நொடியில் விடையளிப்பார். செவிக்கு எட்டாத நலிந்த குறிகையையும் கணினி படித்துவிடும். உயர்ந்த அலைவாங்கி அமைக்க இடமில்லாத அடுக்ககவாசிக்கும் இதனால் உலகம் எட்டுகிறது. இது பெரும் பேறே.

பெற்றதும் இழந்ததும்

ஆயினும், அழைப்புக் குறி, இருப்பிடம், குறிகையின் வலிமை ஆகியவற்றைப் பரிமாறியதும் ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் தொடர்பு முடிந்துவிடுகிறது. விரும்பியதை எழுதவோ ஒரு முறைக்கு 13 எழுத்துருக்களே இடமுண்டு. சொடுக்கியபின் பெரும்பகுதியைக் கணினியே பார்த்துக்கொள்கிறது. தொடர்புகளின் எண்ணிக்கை பெருகுகிறது, உரையாடல் சுருங்குகிறது. விரைவை விரும்பும் மனம் காத்திருந்து கேட்கும் பழக்கத்தை இழக்கிறது.

அப்பழக்கத்தின் அருமையை 2004 திசம்பர் 26 உணர்த்தியது. ஆழிப்பேரலையால் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் தொலைத்தொடர்பு அறுந்தது. வானொலித் தொடர்புக்காக முன்னரே போர்ட் பிளேயர் வந்திருந்த ஹாம் குழுவினர், தம் கருவிகளை மீட்புப்பணிக்குத் திருப்பினர். தீவிலிருந்தோரின் நலச்செய்திகள் அவர்கள் வழியே தாயகப் பகுதியிலுள்ள உறவினரை அடைந்தன.

இடர்க்காலத்தில் எண்ணிக்கை உதவாது. ஊர்ப்பெயரையும் மருந்தின் பெயரையும் பிழையின்றிக் கேட்டு, ஐயமெனில் மீண்டும் வினவி, உறுதிசெய்யும் ஒருவர் தேவை. அத்திறன் நாள்தோறும் பழகியவர்க்கே வாய்க்கும். கருவி நலிந்த குறிகையைக் கண்டறியட்டும். அதன் பின்னிருக்கும் மனிதரைக் கேட்கும் பொறுப்பு நம்முடையதாகவே இருக்கட்டும்.