தமிழ் தெரிந்தால் போதுமா?

"பிள்ளை தமிழ் நன்றாகப் படிக்கிறாள். தமிழாசிரியை ஆக்கிவிடலாமே!" என்று எத்தனையோ பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் தமிழ் தெரிவது வேறு, தமிழைக் கற்பிக்கத் தெரிவது வேறு. இதைச் சிங்கப்பூர்க்காரர்கள் எப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் பாருங்கள்.

அங்கே ஆசிரியர்களை உருவாக்குவது தேசியக் கல்விக் கழகம். 1950இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1973இல் கல்விக் கழகமாகி, 1991இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. நேர்முகத் தேர்வில் தேறியவர்களை உடனே அங்கே அனுப்பிவிடுவதில்லை. பொதுவாக முதலில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வகுப்பெடுக்கச் சொல்கிறார்கள். நாற்பது கண்கள் தன்னையே பார்க்கும்போது நாக்கு ஒட்டிக்கொள்கிறதா, இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் இதுதான் சரியான முறை.

பயிற்சியில் எனக்குப் புதுமையாகப் பட்டது பேச்சுத் தமிழ். சிங்கப்பூர் இந்தியர் வீடுகளில் இப்போது பாதிக்கு மேல் ஆங்கிலமே புழங்குகிறது. "அவன் வந்துகொண்டிருக்கிறான்" என்று புத்தகத்தில் படித்த குழந்தை, தேக்கா சந்தைக் கடைக்காரரிடம் அப்படியே பேசினால் அவர் சிரிக்காமல் என்ன செய்வார்? வீட்டிலும் கேட்காத பேச்சைப் பள்ளிக்கூடம்தானே சொல்லித்தர வேண்டும்! 2005இல் வந்த பாடத்திட்ட மறுஆய்வு, வகுப்பில் பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுத்தது. "வந்துக்கிட்டிருக்கான்" என்று எழுதினால் சிவப்பு மையால் சுழித்தே பழகிய நமக்கு இது அதிர்ச்சிதான். ஆனால் லயத்துப் பேச்சு அப்படியே அங்கே செல்லாது. படித்தவர்கள் பொதுவாகப் பேசும் தமிழே கணக்கு.

தஞ்சோங் பகாரில் 1946இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. சிராங்கூன் சாலைக்கு அருகே, பீட்டி சாலையில் உள்ள உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கு, தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்கள் வந்து படிக்கிறார்கள். பள்ளிக்கூடம் முடிந்து களைத்து வரும் அந்தப் பிள்ளைகளைத் தூங்காமல் வைத்திருப்பதற்கே தனிப் பயிற்சி வேண்டும்!

செலவைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? பட்டதாரிகள் படிக்கும் பட்ட மேற்படிப்பு டிப்ளோமாவுக்கு, கல்வி அமைச்சு தேர்ந்தெடுத்தவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. பயிலும்போதே சம்பளமும் உண்டு. ஆனால் அதற்குமுன் பட்டம் கையில் இருக்க வேண்டும். தமிழில் பட்டம் பெற உள்ளூரிலேயே 2006 முதல் வழியிருக்கிறது. இன்று சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் அதை நடத்துகிறது. ஆங்கிலமும் தேறியிருக்க வேண்டும், ஏனென்றால் கல்வியியல் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான்.

சம்பளத்தோடு ஓர் ஒப்பந்தமும் வரும். பயிற்சி முடிந்ததும் மூன்று ஆண்டு கட்டாயம் பணியாற்ற வேண்டும். இடையில் விட்டால் நட்ட ஈடு கட்ட வேண்டும். பெண்ணைப் பெற்றவர்கள் கல்யாணப் பேச்சை எடுக்கும் முன், அந்தத் தாளை ஒருமுறை முழுக்கப் படித்துப் பார்த்துவிடுங்கள்.