செர்னோபில் எறும்பு
மிதக்கும் தூண்டில் பூச்சி
நுரைப் பட்டை, ரப்பர் இழை, நூல், எஃகு முள்
யூட்டா, அமெரிக்கா, 20ஆம் நூற்றாண்டின் இறுதி

ஃபிளேமிங் கார்ஜ் அணைக்குக் கீழே, கிரீன் ஆற்றில் டிரவுட் மீன் பிடிக்க அங்குள்ள வழிகாட்டிகள் உருவாக்கிய செயற்கை இரை இது. 1986இல் விபத்து நடந்த அணுமின் நிலையத்தின் பெயரைத் தாங்கியது. பெயரில் எறும்பு என்றாலும், கரையிலிருந்து தவறி நீரில் விழும் வெட்டுக்கிளி, சில்வண்டு போன்ற நிலப்பூச்சிகளாகவும் மீன் இதை எடுத்துக்கொள்ளும்.

கறுப்பு நுரைப் பட்டையை முள்ளின் மேல் வைத்து, முன்னும் பின்னும் நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். ரப்பர் கால்கள் அந்தக் கட்டுகளிலேயே பிணைக்கப்படும். நுரையின் மூடிய காற்றறைகளுக்குள் நீர் புகாததால் பூச்சி மூழ்காது.

முதுகிலுள்ள மஞ்சள் துண்டு தூண்டில் போடுபவரின் கண்ணுக்காக. மீன் காணும் கறுப்பு வயிற்றைக் கீழுள்ள கண்ணாடியில் பாருங்கள்.